தண்ணி புகாத சட்டை

ஜன்னல் சீட்டு வேண்டுமென்றால் நீங்களே உட்காருங்க அக்கா. எனக்குக் கீழே பார்க்கப் பிடிக்கவில்லை. கடல்தான் தெரியும். அது நான் பார்க்காத கடலா?

அழவில்லை. காது அடைக்கிறது. போகும்போதும் பிளேனில் இப்படித்தான் அடைத்தது.

சரி, அழுதேன். கேட்டுவிட்டீர்கள், மறைத்து என்ன செய்ய. எனக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் தெருவில் என்னைக் கண்டால் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள், ராக்கு மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவாள் என்று. முத்துராக்கு என் பேர். ஊர் மண்டபம். ராமேஸ்வரம் போயிருக்கிறீர்களா? பாலத்துக்கு இந்தப் பக்கம். ரயிலில் எல்லாரும் பாலத்தைப் பார்க்க எழுந்து நிற்பார்கள், எங்கள் ஊரைப் பார்க்க மாட்டார்கள்.

அந்த வரிசையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறதே, அது என் சித்தி. பஞ்சவர்ணம். நாங்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிற ஆட்கள். பாறையில் முளைக்குமே, அந்தப் பாசி. கம்பெனிக்காரர்கள் வாங்கிப் போய் ஐஸ்கிரீமில் போடுகிறார்களாம், மாத்திரையில் போடுகிறார்களாம், எனக்குத் தெரியாது. எங்கள் சங்கத்துக்குச் சித்திதான் தலைவி. நார்வேயில் பெர்கன் என்று ஒரு ஊர். கடலில் பிழைக்கிற பெண்களுக்கு அங்கே ஒரு கூட்டம் போட்டார்கள். தலைவி ஒருத்தி, இளவயசுப் பெண் ஒருத்தி அனுப்புங்கள் என்று கடுதாசி. பிப்ரவரி மாசம், அங்கே பனி கொட்டுமாம் என்றதும் சங்கத்தில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வீட்டில் வேலை வந்துவிட்டது. நான் மட்டும் கையைத் தூக்கினேன்.

கூட்டத்துக்காகத் தூக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். நிரோஜாவுக்காகத் தூக்கினேன்.

நிரோஜா என் கூட்டாளி. எங்கள் ஊரில் இலங்கை அகதி முகாம் இருக்கிறது, அங்கே பிறந்து வளர்ந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. லீவு நாளில் ஒரே வள்ளம், ஒரே பாறை. தண்ணியை உதைக்கச் செருப்பில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு, விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு முங்குவோம். அவள் மூச்சு என் மூச்சைவிட நீளம். அவள் அப்பா எப்பவோ ஏஜென்டைப் பிடித்து நார்வே போனவர், நாங்கள் பத்தாவது முடித்த வருஷம் பேப்பர் சரியாகி அவளையும் அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டார்.

நான் பிளஸ் ஒன் சேர்ந்தேன். என் பக்கத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். நல்ல பிள்ளைதான். எதற்கெடுத்தாலும் ஸ்கேல் கேட்பாள். எனக்குப் பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன். எல்லாரும் கேட்டார்கள், கணக்கு வரவில்லையா, வாத்தியார் திட்டினாரா, எவன் பின்னாலாவது போகிறாயா என்று. அதெல்லாம் ஒன்றுமில்லை. பிடிக்கவில்லை, நின்றேன். இதில் என்ன ஆராய்ச்சி.

நிரோஜா வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுவாள். முதலில் எல்லாம் பள்ளிக்கூடக் கதைதான். பாஷை புரியவில்லை என்பாள். சாப்பாட்டு நேரத்தில் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்பாள். சாயங்காலம் ஆகுமுன்னே இருட்டிவிடுகிறது, அம்மா ஜன்னல் திரையைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள் என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். பள்ளிக்கூடத்தை விட்டவளிடமா பள்ளிக்கூடக் கதை பேசுவது? அடுப்பில் சோறு கிடக்குது வைடி என்று சொல்லி வைத்துவிடுவேன். அடுப்பில் சோறும் இருக்காது, ஒன்றும் இருக்காது.

ஒருநாள் அலுத்துப்போய்க் கேட்டேன், அங்கேயும் கடல் இருக்கிறதே, இறங்கினாயா இல்லையா என்று. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். அப்புறம் சொன்னாள், "ஓம், இறங்கினனான்."

அன்றைக்கு நாங்கள் பேசின பேச்சு இருக்கிறதே! போன் சூடாகிவிட்டது. அங்கே சும்மா முங்க முடியாதாம், சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டுமாம். தண்ணி புகாத சட்டை என்று ஒன்று. கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் ஒரே சட்டை. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுக்கிப் பிடித்திருக்கும், உள்ளே கம்பளி போட்டுக்கொள்ளலாம். கடலுக்குள் போய்விட்டு உடம்பு நனையாமல் வரலாம். நான் நம்பவே இல்லை. கடலில் இறங்கி நனையாமல் வருவதற்கு எதற்குடி இறங்க வேண்டும் என்று கேட்டேன். சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

அதற்கப்புறம் போன் வந்தால் கடல்தான். அவள் எங்கே இறங்கினாள், எவ்வளவு ஆழம், என்ன மீன். ஒரு அட்டை வாங்கிவிட்டேன் என்றாள், அந்த அட்டை இருந்தால் சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லாமலே முங்கலாமாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இவள் ஒருத்தியாவது அங்கே போய்க் கடலை விடவில்லையே என்று.

நான் வருகிறேன் என்று சொன்னதும் அவள் கத்தின கத்தில் என் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தது.

அப்புறம் திட்டம் போட்டோம் பாருங்க, கல்யாணத்துக்குக்கூட யாரும் அப்படிப் போட மாட்டார்கள். கூட்டம் சனிக்கிழமையோடு முடிகிறது. பிளேன் செவ்வாய்க்கிழமை. சிலிண்டரோடு முங்கிவிட்டு உடனே பிளேன் ஏறக் கூடாதாம், ரத்தத்தில் காற்றுக் கோத்துக்கொள்ளுமாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் முங்க வேண்டும். எனக்கு அட்டை கிடையாது, ஆனால் சொல்லிக்கொடுக்கிற ஆள் கூடவே வந்தால் புது ஆளும் இறங்கலாம். காது சுத்தமாக இருக்க வேண்டும், சளி பிடிக்கக் கூடாது. ஒரு மாசம் நான் மோர் தொடவில்லை. சித்தி மேடையில் பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு இருந்தது, நான் இதை மனப்பாடம் பண்ணினேன்.

குளிருக்குப் பழக வேண்டுமே. எங்கள் ஊரில் குளிருக்கு எங்கே போக? நண்டுக் கம்பெனியில் ஐஸ் பெட்டி இருக்கிறது. உடைத்த ஐஸுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுக்கொண்டு, உள்ளேயே கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகினேன். கம்பெனி ஆள் பார்த்துவிட்டு, நண்டோடு சேர்த்து உன்னையும் எடை போட்டுவிடவா பாப்பா, எந்த நாட்டுக்கு ஏத்தணும் என்றார். நார்வேக்கு என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

குளிரைவிட மூச்சுதான் கஷ்டம். சிலிண்டர் போட்டால் மூச்சைப் பிடிக்கக் கூடாது அக்கா. பிடித்துக்கொண்டு மேலே வந்தால் நெஞ்சு வெடித்துவிடும். நாங்கள் பிழைக்கிறதே மூச்சைப் பிடித்துத்தான். தலை தண்ணிக்குள் போனாலே எனக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும். நிரோஜா ஒரு வழி சொன்னாள். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணி நிரப்பி, வாயில் பைப்பை வைத்துக்கொண்டு தலையை உள்ளே விடு, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வை என்றாள். அவளும் அங்கே தொட்டித் தண்ணியில் தலையை விடுவதாகச் சொன்னாள். "இழு. விடு. பிடிச்சு வையாத ராக்கு. விடு." தண்ணிக்குள் அவள் குரல் கொழகொழவென்று கேட்கும். தினமும் செய்தோம். அம்மா தலையில் அடித்துக்கொண்டது. டிரம்முக்குள் தலையை விடுகிறவளை எவன் கட்டுவான் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி புலம்பியது.

கூட்டமா? நடந்தது. சித்தி நன்றாகப் பேசியது, தீவுப் பக்கம் போனால் வனத்துறைக்காரர் பையைப் பிடுங்குகிறார், பாசி என்ன அவர் வீட்டு மாடியிலா முளைக்கிறது என்று கேட்டது. அதை ஒருவர் இங்கிலீஷில் சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிரோஜாவின் அப்பா காரில் வந்தார். பின் சீட்டில் அவள். ரொம்ப மெலிந்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். என்னைக் கட்டிப் பிடித்தவள் விடவே இல்லை, சித்தி தோளைத் தட்டிப் பிரித்துவிட்டது. காரில் போகும்போது அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "இவளை வீட்டை விட்டு வெளிக்கிட வச்சிட்டாய் பிள்ளை, உனக்குப் புண்ணியம்" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே எல்லாரும் குளிருக்கு வீட்டுக்குள்ளேதானே கிடப்பார்கள் என்று நினைத்தேன்.

கடல் மலைக்கு நடுவில் இருக்கிறது அக்கா. அலையே கிடையாது. கறுப்பாக, எண்ணெய் ஊற்றின மாதிரி. பனி பெய்துகொண்டிருந்தது. சொல்லிக்கொடுக்கிற ஆளுக்குச் சிவப்புத் தாடி. அவர் நிரோஜாவிடம் ஏதோ கேட்டார், அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பட்டை கட்டிவிட்டார், புதுசாக இறங்குகிறவர்கள் கட்டுகிற பட்டை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று அவளும் கட்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாள் நான்.

அந்தச் சட்டைக்குள் நுழைவதே பெரிய வேலை. மணிக்கட்டில் பவுடர் போட்டுக் கையைத் திணிக்க வேண்டும். கழுத்து ரப்பர் குரல்வளையைப் பிடித்தது. எல்லாம் அவள் சொன்ன மாதிரியே இருந்தது. ஈயக்கட்டி பெல்ட்டு, சட்டைக்குள் காற்று விட நெஞ்சில் அமுக்குகிற பித்தான், கை ஜாடை, ஒன்றுகூட மாறவில்லை. நான் அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பாறையிலிருந்து படி மாதிரி இறங்க வேண்டும். தாடிக்காரர் முன்னால், நான் நடுவில், அவள் பின்னால். இடுப்பளவு போய்த் திரும்பிப் பார்க்கிறேன், அவள் முழங்கால் தண்ணியிலேயே நிற்கிறாள். வாடி என்றேன். வரவில்லை. திரும்பிப் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"நீ போ. நான் மேல நிக்கிறன்."

"என்னடி விளையாடுறியா? ஒரு மாசமா திட்டம் போட்டுட்டு?"

"ராக்கு, நான் இஞ்ச வந்து தண்ணியில இறங்கவே இல்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. இன்றைக்கு இறங்கவில்லை என்கிறாளா? இந்த மாசம் இறங்கவில்லை என்கிறாளா?

"ஒருக்காலும் இறங்கேல்ல. அட்டையும் இல்ல. எல்லாம் யூடியூப்ல பாத்துத்தான் சொன்னனான்."

"தொட்டித் தண்ணி?"

"எங்கட வீட்டில தொட்டி இல்ல. பாட்டில்ல ஸ்ட்ரா வச்சு ஊதினனான்."

நீங்களே சொல்லுங்க அக்கா. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு விரல் மரத்துப்போய்ச் சோற்றைப் பிசையத் தெரியாமல் இருந்தவள் நான். டிரம்முக்குள் தலையை விட்டு ஊர் சிரித்தது. இவள் அங்கே கட்டில்மேல் உட்கார்ந்து ஸ்ட்ராவில் ஊதியிருக்கிறாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். தாடிக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், கேட்டேன்.

அவள் சொன்னது இது. "வேற என்ன கதைச்சாலும் நீ போனை வச்சிடுவாய்."

இது ஒரு பதிலா? நான் எப்போது போனை வைத்தேன்? வேலை இருந்தால் வைத்திருப்பேன். யார்தான் வைக்க மாட்டார்கள்? பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் பழியைத் தூக்கி என் தலையில் போடுகிறாள். நான் நேராகச் சொன்னேன், நீ இனிமேல் எனக்குப் போன் பண்ணாதே என்று. தமிழில்தான் சொன்னேன், ஆனால் தாடிக்காரருக்கே புரிந்துவிட்டது போல, அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் நான் இறங்கினேன். அவரோடு. கோபத்தில் இறங்கினேன்.

மேலே வந்தபோது அவள் அதே பாறையில் நின்றுகொண்டிருந்தாள். எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது அக்கா. பாசிக்குப் போகிறவள் தனியாக முங்க மாட்டாள், ஜோடி போட்டுத்தான். ஒருத்தி கீழே போனால் ஒருத்தி மேலே நிற்க வேண்டும். போனவள் வந்ததும் மேலே நிற்கிறவள் கேட்பாள், கீழே என்ன இருக்கு என்று. பாசியா, முள்ளா, சேறா, நீரோட்டமா, உள்ளதைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் அவள் இறங்குவாள். இதில் மட்டும் எவளும் பொய் சொல்ல மாட்டாள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுப் பெண்கள்கூட இதைச் சரியாகச் சொல்வார்கள்.

நிரோஜா கேட்டாள். "கீழ என்ன இருக்கு ராக்கு?"

"ஒண்ணுமில்ல. சேறு" என்றேன்.

அவ்வளவுதான். கார் வரைக்கும் நான் முன்னால் நடந்தேன். அடுத்த நாள் ஹோட்டலுக்கு வந்தாள், அப்பாவோடு. நான் போர்வையை இழுத்துக்கொண்டு, தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன் சித்தியிடம். சித்தி போய்ச் சொன்னது. திரும்பி வந்து, "அந்தப் பிள்ளை அங்கன நின்னுக்கிட்டே இருக்குடி, உனக்கு நெஞ்சுல என்ன பாறையா" என்றது. நான் எழுந்திருக்கவில்லை. ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கம்பளிக் காலுறை. இதோ போட்டிருக்கிறேன். குளிர்கிறது, போட்டிருக்கிறேன், அதற்காக மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

கீழே நிஜமாகவே சேறா என்று கேட்கிறீர்கள்.

இல்லை.

உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, சென்னையில் இறங்கிப் போய்விடுவீர்கள். எங்கள் ஊர்ப் பாசி விரல் நீளம்கூட இருக்காது, பாறையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், நகம் பெயரப் பிராண்டி எடுக்க வேண்டும். அங்கே பாசி ஆள் உயரம் அக்கா. தென்னந்தோப்பு மாதிரி நிற்கிறது. தண்டு என் கை கனம், உச்சியில் பெரிய பெரிய இலை, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, அப்புறம் ஒரே பக்கமாக நிமிர்கிறது. அதற்கு நடுவில் நான் போகிறேன். பிடுங்கத் தோன்றவில்லை. கடலுக்குள் கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருந்தது அதுதான் முதல் தடவை. மேலே பனி விழுவது கீழேயிருந்து தெரிந்தது, தண்ணியைத் தொட்டதும் காணாமல் போகும் சின்னச் சின்னப் புள்ளியாக. உதடு மட்டும்தான் குளிர்ந்தது. வேறெங்கும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மூச்சை ஒரு தடவைகூட நான் பிடிக்கவில்லை. இழு, விடு என்று அவள் குரல்தான் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்தினாலும் நிற்கவில்லை. தாடிக்காரர் கட்டை விரலைக் காட்டி மேலே போகலாம் என்றார், நான் தலையை ஆட்டினேன், இன்னும் கொஞ்சம் என்று. கண்ணாடிக்குள் தண்ணி வந்துவிட்டது. அது கடல் தண்ணி இல்லை.

அழகாக இருந்தது. அவளுக்குப் பிடித்திருக்கும். முங்கிவிட்டுத் திரும்ப மாட்டேன் என்று அடம் பிடித்திருப்பாள், அவள் அப்படித்தான்.

இதில் ஒன்றையும் நான் அவளிடம் சொல்லவில்லை. பொய் சொன்னவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? ஒரு வருஷம் பொய் சொன்னவள். நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

அவள் சேறா என்றுகூடத் திருப்பிக் கேட்கவில்லை. தாடிக்காரரிடம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், ஜிப்பை அவிழ்த்துவிடச் சொல்லி.

ஆமாம் அக்கா. அதுவரைக்கும் அவள் அந்தச் சட்டையைக் கழற்றவே இல்லை. நான் கீழே இருந்த நேரம் முழுக்க, பனி தலையில் விழ விழ, பட்டையைக்கூட அவிழ்க்காமல், அடுத்து இறங்கப் போகிறவள் மாதிரிதான் நின்றிருக்கிறாள்.